தண்ணீர் சொல்லப் போனவள்

நவம்பர் 3

மூன்றாம் நம்பர் அறையின் போர்வையில் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். அந்த அறை முன்பு என்னுடையது.

அம்மா ஒரு குச்சியால் போர்வையைத் தூக்கி வாளியில் போட்டாள். நான் ஹோஸைப் பிடித்தேன். சோறு, மீன் முள், சிவப்பாக ஏதோ ஒன்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், "நல்லாப் பாத்துப் பிடிடி. கண்ண மூடிட்டா நாத்தம் போயிருமா?" என்றாள். அதை விட்டுவிட்டுப் போனவர்கள் கிளம்பும்போது, "சொந்த வீட்ல இருந்த மாதிரியே இருந்துச்சு ஆன்ட்டி" என்றார்கள். அவர்களுடைய சொந்த வீட்டில் இதை யார் துவைப்பார்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பிலேயே தினமும் எழுதிப் பழகினால் அடுத்த வருடம் கட்டுரைக்குக் கை தானாக ஓடும் என்று தமிழ் ஐயா சொன்னார். அதனால்தான் தொடங்கினேன். முதல் பக்கமே வாந்தியாக இருந்திருக்க வேண்டாம். ஆனால் நடந்ததை எழுதச் சொன்னதும் ஐயாதான்.

நவம்பர் 5

எங்கள் ஊர் மேலூத்து. காப்பி, மிளகு, ஆரஞ்சு. ஜீப் வரும், பெரிய லாரி வராது. கடைசி வளைவில் திரும்பாது. அப்பா வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினார். முதலில் வீட்டு அறைகளை மட்டும் விட்டோம். இந்தக் கோடையில் வீட்டுக்கு மேலே, சரிவில், கண்ணாடிச் சுவர் வைத்த புது அறைகள் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறை. நாங்கள் மூன்று பேரும் காப்பி மூட்டை அடுக்கும் கொட்டகையில் படுக்கிறோம். எலி வருகிறது. மூட்டை வாசனை பிடிக்கும் என்பதால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

இன்று ஒரு அக்கா என்னிடம், "இங்கயேதான் இருக்கியா? சான்ஸே இல்ல, எவ்ளோ லக்கி நீ!" என்றாள். சொல்லிக்கொண்டே ஆரஞ்சுத் தோலை என் காலடியில் போட்டாள். இன்னொருவர் என் புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று, என் புத்தகம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 9

இன்று தண்ணீர் சொல்லப் போனேன்.

இதை விளக்கமாக எழுத வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி ஓடும் ஓடைதான் இறங்கிக் கீழூத்துக்குப் போகிறது. கீழூத்தில் குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். மேலே காப்பிப் பழத்தை மெஷினில் போட்டுத் தோலுரித்துக் கழுவினால், கழுவிய தண்ணீர் பழுப்பாக, வழவழவென்று ஓடையில் இறங்கும். உடம்பில் பட்டால் அரிக்கும். ஆகவே கழுவுகிற வீட்டிலிருந்து ஒருவர் காலையிலேயே கீழே போய், "இன்னைக்குக் காப்பித் தண்ணி விடுறோம்" என்று சொல்ல வேண்டும். கூலியாளை அனுப்பக் கூடாது, வீட்டு ஆள்தான் போக வேண்டும். அவர்கள் குடங்களை நிரப்பி வைத்துக்கொள்வார்கள். அன்று முழுக்க யாரும் ஓடையில் கை வைக்க மாட்டார்கள். மறுநாள் விடிந்தால் தண்ணீர் தெளிந்திருக்கும். இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில்கூட இந்த வழக்கம் நிற்கவில்லையாம். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து இது என் வேலை.

"பழம் இன்னும் பச்சையா இருக்கேப்பா?" என்று கேட்டேன்.

"மெஷினத்தான் கழுவுறேன். பூராத் துரு. போய்ச் சொல்லிட்டு வா."

மெஷின் கழுவுவதற்கும் சொல்வார்களா என்று தெரியவில்லை. சொல்வது நல்லதுதானே.

கீழூத்தில் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவின் அக்கா ரோஸ்லின் வந்திருக்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வயிற்றின் மேல் முறத்தை வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டாடி தண்ணி தாசில்தாரு!" என்றாள். "என்னா ஆர்டரு?"

சொன்னேன்.

"அம்மா, அந்தப் பெரிய அண்டாவையும் ரொப்பும்மா. எனக்கே ஒரு அண்டா வேணும். திருப்பூர்த் தண்ணி உப்பு. வாயில வச்சா வாந்தி. இங்க வந்துதான் வயிறு ரொம்பக் குடிக்கிறேன்." பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஏதோ முட்டியது. "பாத்தியா, தாசில்தாருக்கு சல்யூட் அடிக்குது."

அவர்களுடைய அம்மா சவரியம்மாள் எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்க வருகிறவர். எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

நவம்பர் 10

மெஷினில் துரு அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை போல. ஆனால் புது அறைகளின் கழிப்பறைகளைச் சரிசெய்துவிட்டார். ஒரு வாரமாகத் தண்ணீர் ஊற்றினால் குபுகுபுவென்று மேலே பொங்குகிறது என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று சத்தமே இல்லை.

நவம்பர் 17

ஓடைப் படியில் குளிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அட்டை அதிகமாகிவிட்டதாம். என் காலில் ஒன்றும் ஏறியதில்லை. விருந்தாளிகளுக்கும் இதையேதான் சொல்கிறார்.

நவம்பர் 21

இதுவரை கேன் தண்ணீர் விருந்தாளிகளுக்கு மட்டும் வந்தது. இந்த வாரம் அம்மா எங்கள் சமையலுக்கும் கேனையே கவிழ்க்கிறாள். கேட்டால், "ஓடத் தண்ணி தொண்டைக்கு ஆகல" என்கிறாள். அம்மா பிறந்ததிலிருந்து ஓடைத் தண்ணீர் குடித்தவள்.

ஸ்டெல்லா கணக்குப் புத்தகம் வாங்க வந்தாள். அம்மா அவளுக்குக் காகிதக் கப்பில் டீ கொடுத்தாள். விருந்தாளிகளுக்கு வாங்கிய கப் நிறைய மிச்சம் இருக்கிறது. நான் டம்ளரில் குடித்தேன்.

டிசம்பர் 6

இன்று நிஜமாகவே பழம் அரைத்தோம். காலையில் கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

காப்பித் தண்ணீரின் வாடை எனக்குத் தெரியும். புளித்த பழவாடை, கொஞ்சம் இனிப்பு. இன்று அதற்கு அடியில் வேறு ஒரு நாற்றம் இருந்தது. மழைக்காலப் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் போல. ஓடையோரத்து உண்ணிச்செடிகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தொங்கியது. பூ என்று நினைத்துக் கிட்டே போனேன். முகம் துடைக்கிற ஈரத் தாள்கள். ஒரு நாப்கினும் இருந்தது. கல்லில் சாம்பல் நிற நுரை ஒட்டியிருந்தது, காய்ந்த எச்சில் மாதிரி.

விருந்தாளிகள் மோசமானவர்கள். பீர் பாட்டிலைப் பாறையில் உடைக்கிறார்கள், பிரியாணி எலும்பை ஓடையில் வீசுகிறார்கள். ஆனால் இந்தத் தாள்களை அந்த முள்ளுக்குள் இறங்கி வந்து ஏன் போட்டார்கள் என்று புரியவில்லை. கழிப்பறையிலேயே போட்டிருக்கலாம்.

டிசம்பர் 7

நேற்று கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு மூடினேன். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும்.

டிசம்பர் 22

விடுமுறை. இன்று வந்தவர் போல எங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. சுபத்ரா மேடம், கோயம்புத்தூரில் கல்லூரிப் பேராசிரியர். ஹோம்ஸ்டேக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். எந்த வீட்டில் சுத்தம், எந்த வீட்டில் உபசரிப்பு, வருகிறவர்கள் மனநிறைவோடு போகிறார்களா, ஊர்க்காரர்களுக்கு நன்மை உண்டா என்றெல்லாம் கேள்வித்தாள் வைத்திருக்கிறார். பெட்டி நிறையப் புத்தகங்கள். குப்பையைத் தன் பையிலேயே போட்டுக்கொள்கிறார்!

"நீ நல்லாப் பேசுறியே. நிறையப் படிப்பியா?" என்றார். இரண்டு கேள்வித்தாள்களை நிரப்புவதற்கு நான் உதவினேன். 'சுற்றுச்சூழல் தூய்மை' என்ற இடத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்றே குறித்திருந்தார்கள். மேடம் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்து, "காத்தே சுத்தமா இருக்கு" என்றார். கழிப்பறைக்குள் அறைக்கு அறை எலுமிச்சை வாசனை உருண்டை தொங்கவிடுவது நான்தான் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 24

கேக் கொடுக்க ஸ்டெல்லா வந்தாள். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு உடனே திரும்பினாள். என்னவென்று கேட்டேன்.

"அக்காவுக்குக் கண்ணு மஞ்சளா ஆயிருச்சுடி. ஒண்ணுக்குப் போனா எண்ணெய் மாதிரி இருக்குன்னு அழுவுது. அம்மா கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குது. ரெண்டு மூணு வீட்ல சின்னப் புள்ளைங்களுக்கும் காய்ச்சல்."

அம்மா உள்ளேயிருந்து, "திருப்பூர்ல பிடிச்சதா இருக்கும்" என்றாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஸ்டெல்லா போன பிறகு அறிவியல் புத்தகத்தில் மஞ்சள் காமாலை வரும் பக்கத்தை எடுத்தேன். மூடிவிட்டேன். மறுபடி எடுத்தேன். மலத்தில் வெளியேறும் கிருமி, குடிநீர் வழியாக. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து மிக அதிகம் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. சுபத்ரா மேடத்தின் போனைக் கேட்டு வாங்கித் தேடியபோது அது தெரிந்தது.

கேக்கை அம்மா சாப்பிடவில்லை. "பாத்திரத்த என்ன தண்ணில கழுவுனாங்களோ" என்று முணுமுணுத்தாள்.

டிசம்பர் 26

எல்லா அறைகளும் நிறைந்து, கூடத்திலும் ஆட்கள். காலையில் புது அறை ஒன்றின் கழிப்பறை பொங்கித் தரையெல்லாம் வந்துவிட்டது. கழுத்தில் தலையணை மாட்டிய ஒரு மாமா படியில் நின்று கத்தினார். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கீழ போய்த் தண்ணி சொல்லிட்டு வா."

"யாரும் பழம் பறிக்கலியேப்பா. கிறிஸ்துமஸ் லீவு."

"போன்னா போ."

போனேன். சவரியம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ரோஸ்லின் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தண்ணீர் சொன்னதும் சவரியம்மாள் என்னையே பார்த்தார்.

"பழம் பறிக்கிற நாங்கதான் வீட்ல கெடக்கோம். உங்கப்பா எத அரைக்கிறாரு பாப்பா?"

"பழைய பழம்" என்றேன்.

பழைய காப்பிப் பழம் என்று ஒன்று கிடையாது. பறித்த அன்றே அரைக்காவிட்டால் அழுகிவிடும். இது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? "சரி பாப்பா" என்று சொல்லிக் குடத்தை எடுத்தார். வீட்டு ஆள் வந்து சொன்னால் நம்புவதுதான் வழக்கம்.

திரும்பும்போது வழக்கமான பாதையில் வராமல் ஓடையோரமாகவே ஏறினேன். புது அறைகளுக்குப் பின்னால், உண்ணிப் புதருக்குள், அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். கடப்பாரையால் ஒரு குழாயின் மூடியைத் தட்டிக் கழற்றினார். முதலில் காற்று வந்தது. பிறகு கறுப்பாக, கட்டிகட்டியாக, தாள்களும் மயிரும் சேர்ந்து, ஒரு பெரிய நாக்கு வெளியே நீள்வது போல அது வந்து ஓடையில் விழுந்தது. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அப்பா ஓடி வந்து என் நெற்றியைப் பிடித்தார். அந்தக் கையாலேயே பிடித்தார்.

"என்னம்மா பண்ணச் சொல்ற? கக்கூஸ் தொட்டி இறைக்கிற லாரி வளைவு தாண்டி ஏறாதுங்குறான். தொட்டி ரொம்பிருச்சு. சொல்லாமலா விடுறேன்? ஒவ்வொரு தடவையும் உன்ன அனுப்பிச் சொல்லிட்டுத்தானே விடுறேன்? ஒரு நாள்ல ஓடிரும். எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். காப்பித் தண்ணீர் ஒரு நாளில் தெளிந்துவிடும். அதனால் இதுவும் தெளிந்துவிடும். சொல்லிவிட்டு விட்டால் பாவம் இல்லை. ஆனால் நம் வீட்டில் ஏன் கேன் வருகிறது என்று நான் கேட்டபோது துண்டை மறுபடி முகத்தில் கட்டிக்கொண்டார்.

நெற்றியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தோல் எரிகிறது. இன்னும் நாறுவது போலவே இருக்கிறது.

டிசம்பர் 27

சுபத்ரா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். படித்தவர், பெரியவர், ஒரு போன் செய்தால் அதிகாரிகள் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "நான் பல் தேய்ச்ச தண்ணி எது?" என்றார்.

"அது மேல இருக்குற டேங்க் தண்ணி மேடம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ரசம்?"

"கேன் தண்ணி."

பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெட்டியைக் கட்டத் தொடங்கினார். "இது உங்க ஊர் விஷயம்மா. நான் வெளியாள். வந்த எடத்துல தலையிட்டா ஆராய்ச்சியோட நடுநிலை போயிரும்."

"கேள்வித்தாள்லயாவது எழுதுவீங்களா?"

"அது விருந்தினர்களோட அனுபவம் மட்டும்தான். அவங்க திருப்தியாத்தானே இருக்காங்க? நான் மாத்தி எழுதினா அது மோசடி."

போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நல்ல பேனா. இதை அந்தப் பேனாவால் எழுதவில்லை.

டிசம்பர் 29

ரோஸ்லின் அக்காவை நாற்காலியில் கட்டித் தூக்கி வந்தார்கள். கீழூத்துக்கு ஜீப் பாதை கிடையாது. எங்கள் வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். தலை ஒரு பக்கம் தொங்கியது. பாதங்கள் மஞ்சள் பூசியது போல இருந்தன. யாரிடமோ ஏதேதோ பேசினாள். என்னைப் பார்த்தாள், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

வராந்தாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். ஒரு அம்மா என்னிடம் மெதுவாக, "இது ஏதாவது சடங்காம்மா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சட்னியை வழித்தார்.

அப்பா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கள் ஜீப்பின் பின் இருக்கையில் மெத்தை போட்டு, அவரே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஏறுவதற்கு முன்னால் சவரியம்மாள் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க மொதலாளி."

அப்பா, "ஏ சவரியம்மா, ஏறு, ஏறு" என்று மட்டும் சொன்னார். வியர்த்துக் கொட்டியது.

அந்தக் கும்பிடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதைவிட அசிங்கமான எதையும் நான் பார்த்ததில்லை. குழாயிலிருந்து வந்ததுகூட அவ்வளவு அசிங்கமில்லை.

டிசம்பர் 31

புத்தாண்டுக் கூட்டம் வரப்போகிறது. அப்பா காலையிலேயே, "கடைசியா இந்த ஒரு தடவ. பொங்கலுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிர்றேன். போய்ச் சொல்லிட்டு வா" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

போனேன்.

சர்ச் முன்னால் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் அப்பா சூசை மாலை பூசைக்காகக் குழல்விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ஏணியைப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு அக்கா, "குடத்த எடுங்கடி, தண்ணி வந்திருச்சு" என்று சிரித்தாள்.

"இன்னைக்குத் தண்ணி விடுறோம்" என்றேன். "காப்பித் தண்ணி இல்ல. எங்க ஹோம்ஸ்டே கக்கூஸ் தொட்டித் தண்ணி. நவம்பர்ல விட்டதும் அதான். பழம் அரைச்ச அன்னைக்கு விட்டதும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விட்டதும் அதான். ஒரு நாள்ல தெளியாது. குடிக்காதீங்க. புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. ரோஸ்லின் அக்காவுக்கு அதனாலதான்."

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சிரித்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"காலைலகூட அதுலதாண்டி பால்மாவு கரைச்சேன் என் புள்ளைக்கு" என்றாள். எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

சூசை ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "மொதலாளி தெரிஞ்சா விட்டாரு?"

"சொல்லிட்டு விட்டாச் சரின்னு நெனைச்சாரு."

"உங்க வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

நான் பார்வையை ஏணிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஸ்டெல்லா ஏணியை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஒவ்வொரு தடவையும் நீதானடி வந்து சொன்ன. உனக்கு எப்பத் தெரியும்?"

"இருபத்தாறாந்தேதி."

"இன்னைக்கு என்ன தேதி?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. "போயிரு. அழுவுறத உங்க வீட்ல போய் அழுவு" என்றாள்.

வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேன்" என்றேன். அப்பா தலையாட்டினார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன். அவர் கடப்பாரையைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது.

ஜனவரி 1

கீழூத்து முழுவதும் ஏறி வந்தது. விருந்தாளிகள் கையில் பலூன் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சூசை வராந்தாவில் அடுக்கியிருந்த நீலக் கேன்களைக் காட்டினார்.

"மொதலாளி, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதுல எது உங்களுது, எது வந்தவங்களுது?"

அப்பா குனிந்தே நின்றார். அம்மாதான் சொன்னாள்: "எல்லாமே எல்லாருக்கும்தான்."

"அப்ப நீங்க மூணு பேரும் ஓடத் தண்ணி குடிச்சு எத்தன நாளாச்சு?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"எங்கள்ட்டச் சொல்லிட்டு விட்டீங்க. சொல்லாம விட்டது, நீங்க அதக் குடிக்கிறத நிறுத்துனத மட்டும்தான்" என்றார் சூசை.

விருந்தாளிகள் மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். தலையணை மாட்டிய மாமா, "சீட்டிங்! புது வருஷமும் அதுவுமா எங்க மூடையே கெடுத்துட்டீங்க" என்று அப்பாவைத் திட்டினார். கீழூத்துக்காரர்களை ஹார்ன் அடித்து விலக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நம்பர் அறையில் அவர் விட்டுப்போன கேக் முழுக்க எறும்பு.

ஜனவரி 4

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து கீழூத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். ஓடைத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போனார். அப்பா குழாய்க்குச் சிமென்ட் வைத்து அடைத்தார். வாசலில் இருந்த ஹோம்ஸ்டே பலகையையும் கழற்றிவிட்டார்.

ஜனவரி 6

ரோஸ்லின் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து இறந்துவிட்டது.

ஜனவரி 9

தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் கேட்டு அப்பா கீழே போனார். கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தார்.

அம்மா, "என்னவாம்?" என்றாள்.

"'உங்க வீட்டுப் பீய நாங்க குடிச்சதே போதும், அள்ளவும் வேணுமா மொதலாளி'ன்னு கேக்குறான் சூச."

எப்போதும் அவர்கள்தான் வருவார்கள் என்று அப்பா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை எழுத வேண்டும்.

ஜனவரி 11

காப்பித் தோட்டத்தின் மேல் மூலையில், ஓடைக்கு எட்டாத இடத்தில், அப்பா குழி வெட்டினார். கடைசி வளைவு வரை மட்டும் வரும் லாரிக்காரரிடமிருந்து நீளமான குழாயும் மோட்டாரும் வாங்கி வந்து, தொட்டியை இறைத்துக் குழியில் விட்டார். அடியில் கெட்டியாக நின்றதை மேலே நின்றபடி நீளக் கம்பில் வாளி கட்டி மொண்டார். தொட்டிக்குள் இறங்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும் என்று நான்தான் படித்துச் சொன்னேன்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வாளியில் ஈரத் தாள்கள், பால் கவர், பஞ்சு, ஒரு குழந்தையின் பிளாஸ்டிக் யானை. எல்லோரும் வந்து நல்ல காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். அம்மா சுண்ணாம்பு தூவினாள். இதில் விருந்தாளிகளுடையது எது, எங்களுடையது எது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடிந்தாலும் நாற்றம் குறையாது.

ஜனவரி 13

ஓடைத் தண்ணீர் குடிக்க உதவாது, அடுத்த சோதனை வரை யாரும் தொடக் கூடாது என்று தகவல் வந்தது. கீழூத்துப் பெண்கள் மலையின் மறுபக்கத்து ஊற்றுக்குப் போய் எடுத்து வருகிறார்கள். நேற்று அப்பா தானே கீழே போனார். இனி ஓடையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் எதுவும் வராது, காப்பியைக்கூட வேறு இடத்தில் கழுவுகிறேன் என்று சொல்லத்தான். சர்ச் முன்னால் நின்று சொன்னாராம். ஒரு கதவும் திறக்கவில்லையாம். நாய் மட்டும் குரைத்ததாம்.

ஜனவரி 17

ரோஸ்லின் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள். எங்கள் ஜீப்பை அனுப்புகிறோம் என்று அப்பா சொல்லி அனுப்பினார், வேண்டாம் என்றார்கள். பேருந்தில் வந்து, கடைசி வளைவிலிருந்து நடந்து ஏறினார்கள். சூசை ஒரு பக்கம், ஸ்டெல்லா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சவரியம்மாள் பின்னால் துணிமூட்டையோடு வந்தார்.

வெயில் ஏறியிருந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் ரோஸ்லின் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தெலும்பு தெரிந்தது. வயிறு தட்டையாக இருந்தது. ரவிக்கை மட்டும் முன்பக்கம் நனைந்திருந்தது. அது வியர்வை இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அம்மா உள்ளே ஓடிப் போய்க் கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். தண்ணீர் விளிம்பில் தளும்பியது.

"குடி தாயி. நல்ல தண்ணி."

ரோஸ்லின் அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இது நீங்க குடிக்கிற தண்ணியாம்மா?"

"ஆமா தாயி. நாங்க குடிக்கிறதுதான். சத்தியமா."

அக்கா ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் டம்ளரை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப நீங்களே குடிங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து எழுந்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், பிறகு பாதையைப் பார்த்தாள். நான்கு பேரும் காப்பிச் செடிகளுக்கு நடுவே மெல்ல இறங்கிப் போனார்கள். சவரியம்மாள் மட்டும் ஒரு தடவை நின்று மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

அம்மா டம்ளரோடு அப்படியே நின்றாள். அவளால் அதைக் குடிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினாள். என்னாலும் முடியவில்லை. கொட்டிவிடலாம் என்று வாசல் ஓரத்துக்குப் போனாள், நின்றாள். அந்தப் பக்கம் போனாள், அங்கேயும் நின்றாள். எங்கள் வாசலில் எங்கே ஊற்றினாலும் அது சரிந்து ஓடைக்குத்தான் போகும்.